கைண்ட்-ஹார்ட்டட்: அசை மூன்று சரி, வெட்டு எங்கே விழ வேண்டும்?

இரவல்பேனா (திங்கள், இரவு 9.10)

நம் களத்தின் வழக்கப்படி ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் ஏழாம் வகுப்பு. ஆங்கிலப் பயிற்சித்தாளில் ஒரு சொல்: கைண்ட்-ஹார்ட்டட். இளகிய மனமுடைய என்று பொருள். இரண்டு கேள்விகள். முதல் கேள்வி, சொல்லை அசைகளாகப் பிரி. இவள் கைண்ட் / ஹார் / டட் என்று எழுதினாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி. திருத்தம்: கைண்ட் / ஹார்ட் / எட். இரண்டாம் கேள்வி, இச்சொல் எவற்றால் ஆனது? இவள் எழுதியது: "கைண்ட் ஹார்ட்" என்ற தொடர் + எட். அதற்கும் பெருக்கல் குறி. திருத்தம்: கைண்ட் + ஹார்ட்டட்.

அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். அவள் வழக்கு நடத்துகிறாள். "ஹார்ட்டட் என்று தனியாக ஒரு சொல் இருக்கிறதா அப்பா? யாராவது சொல்வார்களா?" என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரியுமா?

கரும்பலகை (திங்கள், இரவு 9.32)

31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். திருத்திய ஆசிரியர் சொன்னதுதான் சரி. ஹார்ட் என்பது முழுச் சொல், அதன் வயிற்றில் கத்தி வைக்கக் கூடாது. அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியைத் திறந்து பாருங்கள். இந்தச் சொல்லை இணைப்புக்கோடு இல்லாமல் ஒரே சொல்லாக அச்சிட்டு, கைண்ட், ஹார்ட், எட் என்று நடுவே புள்ளி வைத்துக் காட்டியிருப்பார்கள். அகராதியே சொன்ன பிறகு விவாதம் எதற்கு?

குழந்தையிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். கேள்வி கேட்கும் பிள்ளை நல்ல பிள்ளை.

ஒலியன் (திங்கள், இரவு 10.25)

கரும்பலகை ஐயா, அந்தப் புள்ளிகளால் வந்த குழப்பம் கொஞ்சமல்ல. அவை அசைப் புள்ளிகள் அல்ல. வரி முடிவில் இடம் போதாமல் போனால் சொல்லை எங்கே ஒடிக்கலாம் என்று அச்சகத்துக்குச் சொல்லும் புள்ளிகள். மெரியம்-வெப்ஸ்டரின் முன்குறிப்பிலேயே இது எழுதியிருக்கிறது. சந்தேகமிருந்தால் அதே அகராதியில் 'அபௌட்' என்ற சொல்லைப் பாருங்கள். வாயால் சொன்னால் அ, பௌட் என்று இரண்டு அசை. அகராதியில் நடுவே புள்ளியே இல்லை. ஏனென்றால் ஒற்றை எழுத்தை வரிக்கடைசியில் அநாதையாக விடுவது அச்சு மரபில்லை. புள்ளியை எண்ணி அசையைச் சொன்னால் 'அபௌட்' ஓரசைச் சொல்லாகிவிடும்.

இனி வாயால் சொல்லும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அசைக்கு ஓர் உயிரொலி வேண்டும். இங்கே மூன்று உயிரொலிகள்: ஐ, ஆ, கடைசியில் ஒரு குறுகிய இ. ஆக மூன்று அசை என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை எல்லாம் நடுவில் நிற்கும் மெய்களைப் பற்றியது. அவை முன் அசைக்கு வால் ஆகுமா, பின் அசைக்குத் தலை ஆகுமா?

கைண்டுக்கும் ஹார்ட்டுக்கும் நடுவே வழி ஒன்றுதான். ஹ ஒலி ஆங்கிலத்தில் எந்த அசையையும் முடிக்காது. ட்ஹ என்று எந்த ஆங்கிலச் சொல்லும் தொடங்காது. ஆகவே வெட்டு சரியாக இரண்டு சொற்களின் எல்லையில் விழுகிறது. போதாக்குறைக்கு அங்கே இணைப்புக்கோடும் நிற்கிறது.

தகராறு ஹார்ட்டுக்கும் எட்டுக்கும் இடையில் நிற்கும் அந்த ஒற்றை ட்-டில்தான். ஒலியியலில் பரவலாகச் சொல்லப்படும் விதி, இடையில் வரும் மெய்யை முடிந்தவரை அடுத்த அசையின் தலையில் வை என்பது. ஒரு சொல் அந்த மெய்யோடு தொடங்க முடியும் என்பது மட்டுமே நிபந்தனை. ட் ஒலியோடு ஆங்கிலத்தில் ஆயிரம் சொற்கள் தொடங்குகின்றன. எனவே ஹார் / டட். உங்கள் மகள் காதை நம்பினாள். காது இந்த விதிப்படிதான் கேட்டிருக்கிறது.

ஆனால் நான் ஒரு பக்கமாகப் பேசிவிட்டுப் போகக் கூடாது. ஜான் வெல்ஸ் என்ற பிரிட்டிஷ் ஒலியியலாளர் 1990-இல் வெளியிட்ட லாங்மன் உச்சரிப்பு அகராதியில் வேறு விதி வைத்திருக்கிறார். இரு பக்கத்து அசைகளில் எது அதிக அழுத்தம் பெறுகிறதோ, மெய் அதோடுதான் சேரும். இங்கே அழுத்தம் ஹார்ட்டில். ஆகவே அவர் கணக்கில் ஹார்ட் / இட். கரும்பலகை ஐயாவின் வெட்டும் வெல்ஸின் வெட்டும் ஒரே இடத்தில் விழுகின்றன. காரணங்கள்தாம் வேறு.

வெண்பாப்பித்தன் (திங்கள், இரவு 11.02)

எல்லாரும் எதற்கு ஆங்கில விதிகளோடு மல்லுக்கட்டுகிறீர்கள்? நம் யாப்பில் அலகிட்டால் அரை நிமிட வேலை. கைண்ட் நேர். ஹார்ட் நேர். டட் நேர். நேர் நேர் நேர். தேமாங்காய்! வெண்பாவிலேயே வைக்கலாம், வெண்சீர் வெண்டளை பார்த்துக்கொண்டால் போதும்.

ஒலியன் (திங்கள், இரவு 11.15)

தேமாங்காய் இனிக்கிறது. ஆனால் அந்தக் கோலைக் கொண்டு ஆங்கிலத்தை அளக்காதீர்கள். நம் யாப்பின் அசையும் ஆங்கிலத்தில் சிலபிள் என்கிறார்களே, அதுவும் ஒன்றல்ல. நமக்கு நிரை என்று ஒன்று இருக்கிறது. இரண்டு குறில் சேர்ந்து வந்தால் ஓர் அசை.

'மெனி-கலர்ட்' என்ற சொல்லை எடுங்கள், பல வண்ண என்ற பொருளில். ஆங்கிலத்தில் நான்கு: மெ, னி, க, லர்ட். யாப்பில்? மெனி நிரை. கலர்ட் நிரை. கருவிளம். இரண்டே அசை. மூன்றுக்கு மூன்று வந்தது கைண்ட்-ஹார்ட்டட் செய்த தற்செயல் உதவி. பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று பள்ளிப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அதனால்தான் சொல்கிறேன்.

வெண்பாப்பித்தன் (திங்கள், இரவு 11.18)

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கருவிளம் அழகு.

ஹூஸ்டன்வாசி (செவ்வாய், காலை 6.50)

இங்கே அமெரிக்கர்கள் வாயில் இந்தச் சொல் வேறு மாதிரி ஒலிக்கிறது. ஹார்ட் என்று தனியே சொல்லும்போது ட் வல்லொலியாகவே முடிகிறது. பின்னால் எட் சேர்ந்ததும் அது 'பாடு' என்பதில் வரும் ட-வைப் போல மெலிந்து, நாக்கு நுனி ஒரு தட்டுத் தட்டிவிட்டு நழுவிவிடும். வந்த புதிதில் அலுவலகத்தில் ஒருவரைப் பற்றிச் சொன்னது "கைண்ட்-ஹார்டட்" என்றுதான் என் காதில் விழுந்தது. கல்நெஞ்சக்காரரைத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று ஒரு வாரம் அவரிடமிருந்து விலகியே நடந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் பரம சாது.

இப்படி மெலிந்துபோகும் ட் எந்த அசையைச் சேர்ந்தது? முன்னதா, பின்னதா?

ஒலியன் (செவ்வாய், காலை 7.30)

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். 1976-இல் டேனியல் கான் என்பவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேட்டில் இந்த மெலிவுக்கே ஒரு விளக்கம் சொன்னார். அசையின் தலையில் அழுத்தத்தோடு நிற்கும் ட் மெலியாது. 'டைகர்' என்பதில் யாரும் அதை மெலிப்பதில்லை. அசையின் கடைசியில் மட்டும் நிற்கும் ட் வேறு விதமாக நடந்துகொள்ளும். இரண்டுமல்லாத இந்த ட், இரண்டு அசைக்கும் ஒரே நேரத்தில் சொந்தம் என்றார் அவர். முன் வீட்டுக்கும் பின் வீட்டுக்கும் பொதுச்சுவர்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. தமிழில் நாம் இந்தச் சொல்லை எப்படி எழுதுகிறோம்? ஹார்ட்டட். ட் ஒன்று கூடுதலாக. ஆங்கிலத்தில் அங்கே ஒரே எழுத்துதான். நாம் ஒற்றை ட போட்டால் மெல்லொலியாகப் படித்துவிடுவோம் என்பதால் இரட்டிக்கிறோம். அப்படி இரட்டித்ததில், கேட்காமலேயே ஆளுக்கொரு ட் கொடுத்துவிட்டோம். ஹார்ட்டுக்கு ஒன்று, டட்டுக்கு ஒன்று. கான் பக்கம் பக்கமாக வாதாடியதை நம் எழுத்து சும்மா எழுதிக்காட்டுகிறது.

அச்சுக்கோப்பு (செவ்வாய், காலை 10.05)

இதை இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகம் பக்கம் கட்டுவது என் தொழில். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு செய்தி: ஹார்ட்டா, ஹாரா என்று நீங்கள் அடித்துக்கொள்ளும் அந்த இடத்தில் நாங்கள் சொல்லை ஒடிக்கவே மாட்டோம்.

இணைப்புக்கோடு ஏற்கெனவே உள்ள சொல்லை அந்தக் கோட்டில் மட்டும் ஒடி என்பது பழைய பாடம். ஒரே சொல்லில் இரண்டு கோடு விழுந்தால் எது சொல்லின் கோடு, எது வரி முடிவின் கோடு என்று வாசகர் திண்டாடுவார். டொனால்ட் நூத் உருவாக்கிய டெக் அச்சுக்கோப்பு மென்பொருளும் இதையே செய்கிறது. கோடு உள்ள கூட்டுச்சொல்லின் மற்றப் பகுதிகளைத் தானாக வெட்டாது.

சரி, அமெரிக்கர்களைப் போலக் கோடில்லாமல் சேர்த்து எழுதினால்? அப்போதும் ஹார்ட் / எட் என்று வெட்டு விழாது. ஆங்கிலத்துக்கு டெக்கில் உள்ள இயல்பான அமைப்பின்படி, ஒடித்த பிறகு அடுத்த வரிக்குக் குறைந்தது மூன்று எழுத்தாவது போக வேண்டும். எட் இரண்டே எழுத்து. வரியின் தொடக்கத்தில் இரண்டெழுத்துத் துண்டு தனியே தொங்கினால் பார்க்கச் சகிக்காது. பிராங்க் லியாங் என்ற மாணவர் ஸ்டான்ஃபோர்டில் நூத்திடம் படித்து, சொல் ஒடிப்பையே ஆய்வாக எடுத்து 1983-இல் ஆய்வேடு கொடுத்தார். அதன் தலைப்பிலேயே சொற்களை ஒடித்துத்தான் அச்சிட்டிருப்பார்கள். எங்கள் தொழிலில் அது ஒரு சின்னச் சிரிப்பு.

ஆக, மெரியம்-வெப்ஸ்டர் வெட்டலாம் என்று புள்ளி வைத்த இடத்தில் இயந்திரம் வெட்ட மறுக்கிறது. பிள்ளைக்கு மட்டும் ஏன் மதிப்பெண் போக வேண்டும்?

கரும்பலகை (செவ்வாய், பிற்பகல் 2.40)

எல்லாரும் சேர்ந்து என்னைச் சுவரோரம் நிறுத்திவிட்டீர்கள். புள்ளி விஷயத்தில் தவறு என்னுடையது. இத்தனை காலம் அவற்றை அசைப் புள்ளி என்றே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அகராதியின் முன்குறிப்பை யார் படித்தார்கள்?

ஆனால் வகுப்பறையின் நியாயத்தையும் கேளுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அசை பிரிக்கச் சொல்வது ஒலியியல் கற்பிக்க அல்ல, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதக் கற்பிக்க. ஹார், டட் என்று பிரித்த பிள்ளை நாளைக்கு நடுவில் வரும் ஈ எழுத்தை விட்டுவிடும். ஹார்ட், எட் என்று பிரித்த பிள்ளைக்கு ஹார்ட் என்ற தெரிந்த சொல் முழுதாகக் கண்ணில் தெரியும். அமெரிக்காவின் நோவா வெப்ஸ்டர் 1783-இல் எழுத்துக்கூட்டும் பாடநூல் போட்டபோது இதே தகராறுதான். அதற்கு முன் பிள்ளைகளுக்கு 'ஹா-பிட்', 'க்ளா-ஸ்டர்' என்கிற ரீதியில் வெட்டிக் கற்பித்தார்கள். அவர் 'ஹாப்-இட்', 'க்ளஸ்-டர்' என்று மாற்றினார். பிள்ளை எழுத்தைப் பார்த்தவுடன் சரியான ஒலி வாயில் வர வேண்டும் என்பது அவர் நோக்கம். வெட்டு என்பது எதற்காக வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.

பெருக்கல் குறி போட்டிருக்கக் கூடாது. பக்கத்தில் மாற்று விடை எழுதி, மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும். இதுவே என் தீர்ப்பு. நான் பணியில் இருந்திருந்தால் நானும் பெருக்கல் குறிதான் போட்டிருப்பேன் என்பது வேறு விஷயம்.

இரவல்பேனா (செவ்வாய், மாலை 6.15)

எல்லாருக்கும் நன்றி. கரும்பலகை ஐயாவின் கடைசி வரியை மகளுக்குப் படித்துக் காட்டினேன். "இந்தத் தாத்தா நல்லவர்" என்றாள்.

'க்ளா-ஸ்டர்' என்றா எழுதியிருந்தீர்கள் ஐயா? 'க்ளூ-ஸ்டர்' அல்லவா?

இரண்டாம் கேள்வியை யாரும் தொடவே இல்லையே. அவள் உண்மையில் பிடிவாதம் பிடிப்பது அதில்தான்.

கரும்பலகை (செவ்வாய், மாலை 6.31)

சி, எல், யு. அப்புறம் கோடு. அதைப் பிள்ளை 'க்ளூ' என்றுதான் வாசிக்கும், பழைய வெட்டைப் பற்றி வெப்ஸ்டர் சொன்ன குறையே அதுதான். தட்டச்சுப் பிழையைத் திருத்தியதற்கு நன்றி.

திண்ணைவாசி (செவ்வாய், இரவு 9.48)

நான் தமிழாசிரியர். ஆங்கில ஒலியியலில் எனக்கு வேலை இல்லை என்று ஒதுங்கியிருந்தேன். இரண்டாம் கேள்வி எங்கள் தெருவுக்கு வருகிறது.

"சிவப்புச் சட்டைக்காரரைக் கூப்பிடு" என்கிறோம். இதில் காரர் என்ற ஒட்டு எதோடு சேர்ந்திருக்கிறது? எழுதும்போது சட்டையோடு ஒட்டியிருக்கிறது. நடுவே இடம் விட்டுச் சிவப்புச் தனியே நிற்கிறது. அப்படியென்றால் பொருள் என்ன, சிவப்பான ஒரு சட்டைக்காரரா? ஆள் சிவப்பா? இல்லை. சிவப்புச் சட்டை என்ற முழுத் தொடரை எடுத்து, அதை உடையவர் என்று கடைசியில் ஒரு ஒட்டைக் கட்டியிருக்கிறோம். [சிவப்புச் சட்டை] + காரர். பிரித்துத் தனியே சட்டைக்காரர் என்று சொன்னால் பொருளே வேறு. பழைய பேச்சில் சட்டைக்காரர் என்றால் ஆங்கிலோ-இந்தியர்.

கைண்ட்-ஹார்ட்டட் அப்படியே இதுதான். இளகிய நெஞ்சு என்ற தொடர், அதன் மேல் 'உடைய' என்று சொல்லும் ஒட்டு. பிள்ளை எழுதிய [கைண்ட் ஹார்ட்] + எட் பொருளுக்குப் பொருந்துகிறது. கைண்ட் + ஹார்ட்டட் என்றால், முதலில் நெஞ்சுடையவர், பிறகு இளகியவர் என்று ஆகிறது. நெஞ்சில்லாதவர் யார்?

இன்னும் ஒன்று. தாடிக்காரர் என்று தனியே சொல்லலாம். கண்காரர் என்று சொல்வதில்லை. ஏன்? தாடி எல்லாருக்கும் இல்லை, ஆகவே சொன்னால் ஒரு செய்தி இருக்கிறது. கண் எல்லாருக்கும் உண்டு. கண்ணைச் சொல்ல வேண்டுமென்றால் அது எப்படிப்பட்ட கண் என்று முன்னால் ஏதாவது வர வேண்டும். பூனைக்கண்காரர் என்றால் ஆளைப் பிடித்துவிடலாம். ஆங்கிலத்திலும் இப்படித்தானா என்று ஒலியன் சொல்லட்டும்.

ஒலியன் (செவ்வாய், இரவு 10.20)

அச்சு அசல். 'பியர்டட்' தனியே உண்டு, தாடியுடைய. 'ஐட்' என்று தனியே ஒருவரைச் சொல்வதில்லை. 'ப்ளூ-ஐட்' உண்டு, நீலக்கண்ணுடைய. 'லாங்-ஹேர்ட்' உண்டு, 'ஹேர்ட்' இல்லை. 'லெஃப்ட்-ஹாண்டட்' உண்டு, வெறும் 'ஹாண்டட்' இல்லை. பாப்பாவின் கேள்விக்கு இதுவே விடை: ஹார்ட்டட் தனியே நடமாடாது. அகராதிகளில் இருக்கும், ஆனால் "பெரும்பாலும் கூட்டுச்சொல்லில் மட்டும்" என்ற குறிப்போடு.

உங்கள் உவமை ஓரிடத்தில் முறிகிறது. நாம் சிவப்புக் கார்க்காரர் என்றும் சொல்வோம். ஆங்கிலத்தில் சிவப்புக் கார் வைத்திருப்பவரை 'ரெட்-கார்ட்' என்று சொன்னால் சிரிப்பார்கள். எட் ஒட்டு உடம்பு, மனம், குணம் ஆகியவற்றோடும், கொஞ்சம் உடையோடும் நின்றுவிடுகிறது. பொதுவாக வாங்கி விற்கும் பொருள்களிடம் போவதில்லை. காரரோ வீடு, கடை, வண்டி எல்லாவற்றையும் வளைத்துப்போடுவார். இன்னொன்று, காரர் சேர்ந்தால் பெயர்ச்சொல். எட் சேர்ந்தால் பெயரடை.

கரும்பலகை (புதன், காலை 8.05)

சட்டைக்காரர் வாதம் நன்றாயிருக்கிறது. ஆனால் காது கேட்பதையும் தள்ளிவிட முடியாது. சொல்லும்போது கைண்ட் என்று ஒரு மூச்சு, ஹார்ட்டட் என்று ஒரு மூச்சு. கைண்ட்ஹார்ட் என்று சேர்த்துச் சொல்லிவிட்டு எட் என்று தனியே முடிப்பவர் யாருமில்லை. எழுத்திலும் கோடு கைண்டுக்குப் பின்னால்தான் நிற்கிறது. திருத்திய ஆசிரியர் பார்த்தது அதைத்தான்.

திண்ணைவாசி (புதன், காலை 8.40)

ஒப்புக்கொள்கிறேன். சட்டைக்காரரிலும் அதே கதைதான். இடைவெளி சிவப்புக்குப் பின்னால். வாய் ஓரிடத்தில் பிரிக்கிறது, பொருள் வேறோரிடத்தில் பிரிக்கிறது. அதற்காகச் சிவப்பு + சட்டைக்காரர் என்று என் மாணவர் எழுதினால் நான் ஒப்ப மாட்டேன். கேள்வி "எவற்றால் ஆனது" என்று கேட்கிறது. எங்கே மூச்சு விடுகிறோம் என்று கேட்கவில்லை.

ஒலியன் (புதன், காலை 9.15)

திண்ணைவாசியின் பக்கத்துக்கு வலு சேர்க்கும் ஒரு சோதனை இருக்கிறது. இவரைவிட அவர் இன்னும் இளகிய மனமுடையவர் என்பதை 'கைண்டர்-ஹார்ட்டட்' என்று சொல்ல முடியும். 'மோர் கைண்ட்-ஹார்ட்டட்' என்பதும் உண்டு. முதல் வடிவத்தைப் பாருங்கள். ஒப்பீட்டு ஒட்டு சொல்லின் கடைசியில் சேராமல் நடுவே கைண்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. 'கைண்டர் ஹார்ட்' என்ற தொடரில் உட்காருவதைப் போலவே. உள்ளே ஒரு தொடர் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இது சாட்சி.

வெண்பாப்பித்தன் (புதன், முற்பகல் 11.30)

அன்மொழித்தொகையை யாரும் நினைக்கவில்லையே! பொற்றொடி வந்தாள். பொன் தொடி என்ற தொகைக்கு வெளியே நிற்கும் பெண்ணைக் குறிக்கிறது, ஒட்டு ஏதுமில்லாமல். ஆங்கிலத்தில் இது உண்டா?

ஒலியன் (புதன், பிற்பகல் 12.10)

உண்டு. 'ரெட்ஹெட்' என்றால் சிவப்புத் தலை அல்ல, செம்பட்டை முடிக்காரர். 'பேர்ஃபுட்' என்றால் வெறுங்காலோடு. எட் ஒட்டு இல்லை. ஆனால் அடைமொழியாக வர வேண்டுமென்றால் ஆங்கிலம் பெரும்பாலும் எட்டைத் தேடிப் போகிறது: 'ரெட்-ஹெடட்'. சமஸ்கிருத இலக்கணம் இதை பகுவ்ரீகி என்கிறது. ஆங்கில மொழியியல் நூல்களும் அந்தப் பெயரையே கடன் வாங்கி வைத்திருக்கின்றன.

வடலி (புதன், மாலை 5.20)

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நெடுநாள் ஐயம் ஒன்று, இடம் பொருத்தமாயிருப்பதால் கேட்கிறேன். அற்ப ஆயுளுடைய என்ற பொருளில் வரும் ஷார்ட்-லிவ்ட். எங்கள் ஆசிரியர் 'லிவ்ட்' என்றார். கனடாவிலுள்ள என் தமக்கையின் பிள்ளைகள் 'லைவ்ட்' என்கிறார்கள். எது பிழை?

ஒலியன் (புதன், இரவு 9.30)

இரண்டும் அகராதியில் உண்டு. பிரிட்டனில் லிவ்ட் அதிகம். அமெரிக்காவில் லைவ்ட் என்பதும் நன்றாகவே கேட்கும். ஆனால் பிறப்பைப் பார்த்தால் லைவ்ட் கட்சிக்கே வலு. இது 'வாழ்' என்ற வினையிலிருந்து வந்ததல்ல. [ஷார்ட் லைஃப்] + எட். மறுபடியும் நம் சட்டைக்காரர்தான்: குறுகிய ஆயுள் + உடைய.

அப்படியானால் ஃப் எங்கே போனது? பழைய ஆங்கிலத்தில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்த ஃப், வ் ஆக ஒலித்தது. அதனால்தான் ஒன்று லைஃப், பல லைவ்ஸ். இலை ஒன்று லீஃப், அகன்ற இலையுடைய மரம் 'பிராட்-லீவ்ட்'. எட் முன்பு உயிரோடு ஒலித்ததால் ஃப் நடுவில் மாட்டிக்கொண்டு மெலிந்தது. பிறகு அந்த உயிர் போய்விட்டது, மெலிவு மட்டும் நின்றுவிட்டது. மக்கள் எழுத்தைப் பார்த்து வினைச்சொல் என்று எண்ணி லிவ்ட் என்று வாசிக்கத் தொடங்கினார்கள். பரவிவிட்ட பிறகு பிழை என்று சொல்வதற்கில்லை. உங்கள் ஆசிரியரைக் காப்பாற்றிவிட்டேன்.

அந்த உயிர் போன கதை அசைக் கணக்குக்கு முக்கியம். ஒரு காலத்தில் எட் எங்கே வந்தாலும் தனி அசை. இன்று ட், ட மாதிரி ஒலிகளில் முடியும் சொற்களுக்குப் பின்னால் மட்டும் அசையாக நிற்கிறது. ஹார்ட், ஹாண்ட், மைண்ட் மூன்றும் அப்படி முடிவதால் அவற்றின் எட் பிழைத்துக்கொண்டது. ஐ, ஹேர் இரண்டிலும் அசை போயிற்று. ப்ளூ-ஐட் இரண்டே அசை. எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1712-இல் எழுதிய ஆங்கிலச் சீர்திருத்த முன்மொழிவில், கவிஞர்கள் ஓர் அசையை மிச்சம் பிடிக்க 'டிஸ்டர்ப்ட்' என்றெல்லாம் உயிரை விழுங்கிவிடுகிறார்கள் என்று கரித்துக்கொட்டினார். வழக்கு அவரைக் கேட்கவில்லை. பழைய உச்சரிப்பு சில சொற்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: 'விக்கிட்', 'ரகிட்', 'க்ரூக்கிட்'. மூன்று கால் உடைய என்பதை 'த்ரீ-லெகிட்' என்று மூன்று அசையாகவும், 'த்ரீ-லெக்ட்' என்று இரண்டு அசையாகவும் இன்றும் சொல்கிறார்கள்.

பெயர்ச்சொல்லில் எட் சேர்ப்பதே பிடிக்காதவர்களும் இருந்தார்கள். அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன், கவிஞர் கிரேயின் வரலாற்றை எழுதும்போது, கற்றவரான கிரே வசந்தத்துக்கு 'ஹனீட்' என்று அடை கொடுத்தாரே என்று வருந்தினார். தேனுடைய என்று பொருள். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜுக்கு 1832-இல் 'டேலண்டட்' என்ற சொல்மேல் வந்த கோபம் பெரிது. வினையே இல்லாத இடத்தில் பெயரெச்சம் போல ஒரு வடிவம் எதற்கு, இப்படியே போனால் ஷில்லிங் என்ற காசை வைத்து 'ஷில்லிங்ட்' என்றும் சொல்வார்களோ என்று கேட்டார். கைண்ட்-ஹார்ட்டட் என்று அவர் வாயிலும் வந்திருக்கும், அது மட்டும் உறுத்தவில்லை. இத்தனைக்கும் பெயரோடு சேரும் இந்த எட், பழைய ஆங்கிலத்திலேயே வினையின் எட்டிலிருந்து தனி வடிவமாக இருந்தது. பின்னால்தான் இரண்டும் ஒரே முகமாகிவிட்டன.

அச்சுக்கோப்பு (புதன், இரவு 9.41)

ஷில்லிங்ட் வராமல் போனதற்கும் காரணம் மேலே இருக்கிறது. ஷில்லிங் வாங்கி விற்கும் பக்கம்.

கரும்பலகை (வியாழன், காலை 7.10)

நேற்று முழுவதும் யோசித்தேன். இரண்டாம் கேள்வியில் பிள்ளை பக்கம் வந்துவிட்டேன். முதல் கேள்வியில் வரவில்லை, வரவும் மாட்டேன்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், ஆசிரியராக இருந்ததற்காவது பயன்படட்டும். "அவள் கைண்ட்-ஹார்ட்டட்" என்று வாக்கியத்தின் கடைசியில் வந்தால் முதன்மை அழுத்தம் ஹார்ட்டில். "கைண்ட்-ஹார்ட்டட் லேடி" என்று பின்னால் அழுத்தமான பெயர் வந்தால், அழுத்தம் முன்னே கைண்டுக்கு ஓடிவிடும். இரண்டு அழுத்தம் அருகருகே மோதாமல் விலகிக்கொள்கிறது. வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், பிள்ளை தானாகவே சரியாகச் சொல்லும்.

ஹூஸ்டன்வாசி (வியாழன், காலை 7.25)

அப்படியானால் வெல்ஸ் விதிப்படி, அழுத்தம் கைண்டுக்கு ஓடியதும் ட் என்ன செய்யும்? ஹார்ட்டை விட்டுவிட்டு டட் பக்கம் போய்விடுமா?

ஒலியன் (வியாழன், காலை 7.50)

போகாது. ஹார்ட்டில் முதன்மை அழுத்தம் போனாலும் துணை அழுத்தம் தங்கும். எட்டில் எப்போதுமே ஒன்றுமில்லை. இருப்பவன் இளைத்தாலும் இல்லாதவனைவிட மேல்.

இரவல்பேனா (வியாழன், இரவு 8.30)

இன்று மகள் தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போனாள். சிவப்புச் சட்டைக்காரரைப் பற்றிச் சொன்னாளாம். ஆசிரியர் சிரித்துவிட்டு இரண்டாம் கேள்விக்கு மதிப்பெண் போட்டுவிட்டார். முதல் கேள்வியின் பெருக்கல் குறி அப்படியே இருக்கிறது. கரும்பலகை ஐயா மகிழ்ச்சி அடையலாம்.

அடுத்த தாள் வந்துவிட்டது. ஓல்ட்-ஃபேஷண்ட். நான் நான்கு அசை என்கிறேன், அவள் மூன்று என்கிறாள்.

கரும்பலகை (வியாழன், இரவு 8.34)

மூன்று. கை தட்டிப் பாருங்கள்.

திண்ணைவாசி (வியாழன், இரவு 8.36)

பழைய பாணிக்காரர். [ஓல்ட் ஃபேஷன்] + எட்.

இரவல்பேனா (வியாழன், இரவு 8.41)

தட்டிப் பார்த்தேன். மூன்றுதான். எழுத்தில் எட் தெரிந்ததால் எண்ணிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.